விற்கிறவரைக் கேட்டேன், பிரிக்கிறவரைக் கேட்கவில்லை

என் மகளுக்கு 2022 தை மாதம் கல்யாணம் நடந்தது. என் வீட்டுக்காரர் 2019-லேயே தவறிவிட்டார். மண்டபம், சமையல், பத்திரிகை எல்லாவற்றையும் கொழுந்தனாரும் நாத்தனார்களும் ஆளுக்கொன்றாகப் பங்குபோட்டு எடுத்துக்கொண்டார்கள். சாமான் வாங்குவது மட்டும் "அதெல்லாம் ஆச்சி பாத்துக்கிடும்" என்று என் தலையில் வந்து விழுந்தது. எங்கள் காரைக்குடிப் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெண்ணுக்குக் கொடுக்கும் பாத்திரம் பண்டங்களை வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றியுள்ள இடத்தில், வரிசையாக அடுக்கிவைத்து எல்லோரும் பார்க்கும்படி செய்வோம். சாமான் பரப்புவது என்று அதற்குப் பெயர். நான் வாங்கிப் பரப்பினேன். எல்லோரும் பார்த்தார்கள், மெச்சினார்கள். அடுத்த இரண்டு வருஷத்தில் அவற்றில் பாதி என் கண் முன்னாலேயே துருவாகவும் மாவாகவும் போனது. நஷ்டத்தைக் கூட்டிப் பார்த்தால் 1,20,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வருகிறது. இதையெல்லாம் கல்யாணத்துக்கு முன்னால் யாராவது ஒருத்தர் எனக்குச் சொல்லியிருந்தால் தேவலையே என்று எத்தனையோ ராத்திரி நினைத்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய கணக்கைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் மனசு கேட்காது. 2007-ல் எங்கள் வீட்டு மூன்றாம் கட்டு ஒழுகியது. ஓடு மாற்றக் காசு வேண்டியிருந்தது. அங்கே ஓர் இருட்டறையில் என் மாமியார் கொண்டுவந்த சாமான்கள் அப்படியே கிடந்தன. பித்தளை அண்டா, வெண்கலப் பானை, தூக்குவாளி, கைப்பிடி வைத்த இரும்புச் சட்டிகள், ஒரு பெட்டி நிறைய மங்குச் சாமான் (எனாமல் பூசிய இரும்புப் பாத்திரம்). வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தவை அவை, அடியில் அந்த ஊர் முத்திரை இருக்கும். விற்றுவிட்டேன். பித்தளையை மட்டும் தராசில் வைத்தார்கள். 74 கிலோ, கிலோ 180 ரூபாய், ஆக 13,320. மங்குச் சாமான் மொத்தத்துக்கும் 2,000. அந்தப் பணத்தில் ஓடு மாற்றியும் மிச்சம் இருந்தது, எனக்குச் சந்தோஷம்தான். இடத்தை அடைக்கும் சனியன் தொலைந்தது என்றுகூடச் சொன்னேன்.

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன். எவர்சில்வர் சாமானுக்குப் பட்டியல் போட்டதில் 51 உருப்படி வந்தது. டவுனில் பெரிய கடை, பெயர் வேண்டாம். "304 தானே?" என்று கேட்டேன். எங்கேயோ கேள்விப்பட்ட எண், அவ்வளவுதான், அர்த்தம் தெரியாது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே மேசைக்குள்ளிருந்து ஒரு காந்தத்தை எடுத்து அண்டாவில் வைத்தார். ஒட்டாமல் கீழே விழுந்தது. "பாத்தீங்களா ஆச்சி, காந்தம் ஒட்டலை. ஒரிஜினல் சரக்கு." எனக்கு ஏதோ ஆராய்ச்சிக்கூடத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. மொத்தம் 48,600 ரூபாய். 20,000 போன் வழியாக அனுப்பினேன், மீதி கையில் கொடுத்தேன். பில் கேட்டதற்கு "ஜிஎஸ்டி போட்டா கூடிப்போகும் ஆச்சி, இதுல வச்சுக்குங்க" என்று ஒரு வெள்ளைத் துண்டுச்சீட்டைக் கொடுத்தார். மேலே 'எஸ்டிமேட்' என்று அச்சடித்திருந்தது. கடைப் பெயர்கூட இல்லை.

அன்றைக்கே ஒரு விஷயம் கையில் தட்டுப்பட்டது, நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாசலில் ஒரு பையன் மிஷினை வைத்துப் பெயர் வெட்டிக்கொண்டிருந்தான். மகளின் இனிஷியலை ஒரு சம்படத்தில் வெட்டி முடித்துக் கொடுத்தபோது உள்பக்கம் விரலை ஓட்டினேன். எழுத்து உள்ளேயும் புடைத்துக்கொண்டு கையில் பட்டது. அவ்வளவு மெல்லிசுத் தகடு. என் மாமியாரின் அண்டாவில் உளியால் ஆழமாக வெட்டிய எழுத்து இருந்தது, உள்ளே தடவினால் ஒன்றுமே தெரியாது. இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் பெயர் வெட்டின பழைய உருப்படி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு முதலில் உள்பக்கத்தைத் தடவுகிறேன். தகட்டின் கனத்தைக் கேஜ் என்று சொல்வார்கள். எண் கூடக்கூடத் தகடு மெல்லிசு. 24 என்றால் ஏதோ பெரிசு என்று நான் நினைத்திருந்தேன், நேர்மாறு. 20, 22 கேஜ் கேளுங்கள். கேட்டுவிட்டு ஒரே அளவுள்ள இரண்டு பாத்திரங்களைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். வாய் எது வேண்டுமானாலும் பேசும்.

நாலு மாசம் ஆனது. மகள் தாம்பரத்தில் குடித்தனம். ஒரு நாள் காலையில் போன். "அம்மா, புளிக்கரைசல் வச்ச சட்டியில பழுப்புப் புள்ளியா இருக்கும்மா. தேய்ச்சா போகுது, மறுநாள் திரும்ப வருது." தண்ணி சரியில்லை, நன்றாகத் துடைத்துவை என்றேன். அடுத்த மாசம் உப்புச் சம்படம். அதற்கடுத்து குடத்தின் அடி, ஒட்டுப் போட்ட இடமெல்லாம் துரு. எனக்குப் பணம் போனதைவிட, சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்பதுதான் வயிற்றைப் பிசைந்தது. அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சம்பந்தி ஆச்சி அந்தச் சட்டியை எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் அலமாரியில் பின்னால் தள்ளிவைத்தாராம். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அந்தச் சட்டியையும் சம்படத்தையும் மகளை அனுப்பச் சொல்லி, பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். முதல் தடவை முதலாளி இல்லை. இரண்டாம் தடவை "மெட்ராஸ் உப்புத் தண்ணி ஆச்சி, எந்தச் சில்வரும் தாங்காது" என்றார். மூன்றாம் தடவை என் துண்டுச்சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்க கடைச் சீட்டுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார். நாற்பது வருஷமாக அந்தத் தெருவில் நடக்கிறவள் நான். வெயிலில் பஸ் ஸ்டாண்டு வரை நடந்துவந்து உட்கார்ந்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் இப்படிப் பேசியிருப்பார்களா என்ற நினைப்புத்தான். உண்மையில் இவர் இருந்திருந்தாலும் அதே சீட்டைத்தான் வாங்கிவந்திருப்பார், அது வேறு விஷயம்.

அன்றைக்குக் கோபத்தில் ஒரு காரியம் செய்தேன். வரும் வழியில் இருந்த பழைய இரும்புக் கடையில் அந்தச் சட்டியைக் கொடுத்து, எடைக்குப் போட்டால் என்ன தருவீர்கள் என்று கேட்டேன். அவர் அதைக் கையில் வாங்கி, ஓரத்தில் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்து, ஒரு சொட்டு மருந்து விட்டு, சின்ன பேட்டரியின் முனையை வைத்தார். சொட்டு சிவந்தது. "இது 202 ஆச்சி. 304-ன்னா நல்ல விலை தருவேன், இதுக்கு அதுல பாதிகூட வராது" என்றார். அரை நிமிஷம். நான் மூன்று தடவை அலைந்தும் கிடைக்காத பதில் அரை நிமிஷத்தில் கிடைத்தது. ஏமாந்தால் அவருடைய கைக்காசு போகும், அதனால் அவர் சோதித்துத்தான் வாங்குகிறார். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. பாத்திரம் வாங்கும் முன் நான் விற்கிறவரை மட்டும்தான் கேட்டேன். உடைத்துப் பிரிக்கிறவரை, பழுது பார்க்கிறவரை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பொருளின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் தெருவில் சிக்ரியில், அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில், வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஓர் அண்ணன் இருக்கிறார். 1948-ல் அடிக்கல் நாட்டிய அந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் நடக்கிற வேலைகளில் துருப்பிடிப்பது பற்றிய ஆராய்ச்சியும் ஒன்று. இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் அவரிடம் கேட்கத் தோன்றவில்லை பாருங்கள். அவர் திண்ணையில் உட்கார்த்திவைத்து விளக்கினார். 304 என்பதில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். நிக்கல் விலை அதிகம். 200 வரிசையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிவிடுகிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒரே பளபளப்பு. காந்தம் 304-லும் ஒட்டாது, 202-லும் ஒட்டாது. ஆக, கடைக்காரர் காட்டிய வித்தை எதையும் நிரூபிக்காத வித்தை. காந்தம் ஒட்டுவதாலேயே மட்டம் என்றும் சொல்ல முடியாதாம். இண்டக்‌ஷன் அடுப்புக்கான பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டித்தான் ஆகவேண்டும். இன்னொன்றும் சொன்னார், இதை நியாயத்துக்காக எழுதுகிறேன். நல்ல 304-ஆகவே இருந்தாலும் உப்புத் தண்ணீரையோ ஊறுகாயையோ நாள்கணக்கில் வைத்தால் புள்ளி விழும். உப்புக்கும் புளிக்கும் பீங்கான், கண்ணாடி, மண்சட்டிதான். எங்கள் ஆயா உப்பை மரவை என்ற மரக் கிண்ணத்தில் வைத்திருந்ததற்கு அர்த்தம் அன்றைக்குத்தான் விளங்கியது.

பிறகு 1915-க்குப் போன் போட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலும் பேசுகிறார்கள். துண்டுச்சீட்டோடு, போனில் 20,000 அனுப்பியதற்கான பதிவும் இருக்கிறது என்றதும் புகாரைப் பதிந்துகொண்டார்கள். கடைப் பெயர் அந்தப் பதிவில்தான் இருந்தது. கையில் கொடுத்த 28,600-க்கு ஒரு அத்தாட்சியும் இல்லை. பத்து நாளில் கடையிலிருந்தே போன் வந்தது. இழுத்துப் பறித்து 9,400 ரூபாய் மதிப்புக்கு வேறு பாத்திரம் மாற்றிக்கொடுத்தார்கள். மீதி 39,200 போனதுதான். மேலே போக வேண்டுமென்றால் சிவகங்கையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருள் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, குறை தெரிந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். ஆனால் கையில் ஒழுங்கான பில் இல்லாமல் போய் நிற்க எனக்குத் தெம்பில்லை. தயவுசெய்து பில் வாங்குங்கள். அதில் வெறுமனே 'பாத்திரம்' என்று எழுதவிடாதீர்கள். 304 என்று சொல்லி விற்றால் 304 என்று எழுதிக் கேளுங்கள். எழுத மறுக்கும் இடத்தில் பதில் கிடைத்துவிட்டது என்று வையுங்கள்.

2024 மார்ச்சில் எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்று அறிவிப்பு வந்தது. நான் வாங்கும்போது அது இல்லை. இப்போது வாங்குகிறவர்கள் முத்திரையைப் பார்த்ததோடு நிற்காமல், அதன் கீழே இருக்கும் உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டுப் பாருங்கள். யாருக்குக் கொடுத்த உரிமம், இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். நகைக்கு இருக்கும் ஆறெழுத்து எண்ணையும் அதிலேயே பார்க்கலாம். முத்திரையை அடிக்க யாராலும் முடியும், எண்ணைப் பொய்யாகப் போட்டால் மாட்டிக்கொள்வார்கள்.

அடுத்தது மிக்ஸி. மகளுக்கு ஒன்று எடுத்தபோது அதே மாடலில் எனக்கும் ஒன்று எடுத்தேன், 750 வாட், 6,200 ரூபாய், இரண்டு வருஷ வாரண்டி. எட்டாம் மாசம் ஜாருக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கப்ளர் பல்லுப் போனது. அதற்கே கொதித்தேன். பிறகுதான் தெரிந்தது, பிளேடு எங்காவது சிக்கினால் மோட்டார் எரியாமல் இருக்க முதலில் உடையும்படிதான் அதை வைத்திருக்கிறார்கள் என்று. சில்லறைக் காசு, நாமே மாட்டலாம். 2024 பங்குனியில் மிளகும் சீரகமும் வறுத்துப் பொடித்துக்கொண்டிருந்தேன், புகை வந்து நின்றுவிட்டது. வாரண்டி முடிந்து இரண்டு மாசம்கூட நிறையவில்லை. சர்வீஸ் சென்டரில் மோட்டார் மாற்ற 3,900 என்றார்கள், அதற்கு வாரண்டி மூன்றே மாசம்.

இந்தத் தடவை நான் பாடம் படித்தவள். நேராக மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போனேன். இருட்டாக, வார்னிஷ் வாடையோடு, சுவரெல்லாம் பம்பு மோட்டார் தொங்கும் கடை. அந்தத் தம்பி மிக்ஸியைக் கழற்றி, எரிந்த சுற்றில் ஒரு கம்பியை இழுத்து பிளேடால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. "அலுமினியம் ஆச்சி. மேல வார்னிஷ் நிறம்தான் செம்பு." செம்பில் ஓடும் மின்சாரத்தில் ஏறத்தாழ அறுபது சதவீதம்தான் அதே தடிமன் அலுமினியத்தில் ஓடும், அதனால் சீக்கிரம் சூடேறும் என்று சொன்னார். வாங்கும்போது கடையில் வாட்ஸை மட்டும் சொல்வார்கள், கம்பி என்ன என்று சொல்ல மாட்டார்கள். பெட்டியில் 'செம்புச் சுற்று' என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள், பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். அடியில் ஒட்டிய தகட்டில் எத்தனை நிமிஷம் ஓட்டலாம், எத்தனை நிமிஷம் நிறுத்த வேண்டும் என்று இருக்கும். என்னுடையதில் ஐந்து நிமிஷம் ஓட்டினால் இரண்டு நிமிஷம் நிறுத்தவும் என்று இருந்தது, இரண்டு வருஷமாக நான் அதைப் படிக்கவே இல்லை. என் பங்குத் தப்பும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 1,650 ரூபாயில் செம்புக் கம்பி சுற்றிக் கொடுத்தார், இன்றைக்கும் ஓடுகிறது. எந்தக் கம்பெனி மிக்ஸி அவர் கடைக்கு அதிகம் வருகிறது, எதற்கு உதிரிபாகம் பத்து வருஷம் கழித்தும் கிடைக்கிறது என்று கேட்டுக் குறித்துவைத்திருக்கிறேன். மகளின் மிக்ஸிக்கு வாரண்டி முடிந்துவிட்டது. அது எரியும் நாளுக்காகக் காத்திருக்கிறோம், வேறென்ன செய்ய.

என்னை ரொம்பவும் சுட்டது கட்டில்தான். மகளும் மாப்பிள்ளையும் வந்தால் படுக்க ஒரு நல்ல கட்டில் வேண்டும் என்று 68,000 ரூபாய்க்கு வாங்கினேன். "வீடு பிரிச்ச பர்மாத் தேக்கு ஆச்சி, அந்தக் காலத்து மரம்" என்றார் விற்றவர். இந்த ஊரில் பர்மாத் தேக்கு என்று ஒருவர் சொன்னால் மறுத்துப் பேச வாய் வராது. எங்கள் முன்னோர்கள் பர்மாவில் தொழில் நடத்தி, கப்பலில் கொண்டுவந்த மரம்தானே முகப்பிலும் வளவிலும் தூணாக நிற்கிறது. 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது நடந்தே திரும்பிய கதையைச் சொல்லாத வீடு இல்லை. இப்போது வீடுகளை இடித்து விற்கிறார்கள், அந்த மரம் சந்தைக்கு வருவதும் நிஜம். நிஜம் பாதி கலந்திருந்ததால்தான் பொய்யை நம்பினேன். ('பர்மாவிலிருந்து புதுசா உருட்டு மரம் வந்திருக்கு' என்று யாராவது சொன்னால் மட்டும் உஷாராகிவிடுங்கள். 2014 ஏப்ரலோடு உருட்டு மரம் ஏற்றுமதியை அந்த நாடு தடை செய்துவிட்டது.)

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு காலையில் கட்டிலுக்கு அடியில் மாவு மாதிரி மஞ்சள் தூள் குமிந்திருந்தது. எங்கள் வீட்டுத் தரை ஆத்தங்குடிக் கல். நடக்க நடக்கப் பளபளப்பு ஏறுகிற தரை, அதில் தூசி விழுந்தால் பளிச்சென்று தெரியும். பெருக்கினேன். மறுநாளும் இருந்தது. கட்டில் காலில் குண்டூசி முனை அளவு ஓட்டைகள். நூறு வருஷமாகத் தூண் உளுக்காத வீட்டில் ஒன்றரை வருஷத்துக் கட்டில் உளுத்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வரும் ஆசாரி வந்தார். கட்டிலைக் குப்புறப் போட்டு, பாலீஷ் படாத உள்விளிம்பில் உளியால் ஒரு சீவல் எடுத்தார். மேலே காகிதம் மாதிரி மெல்லிய தேக்கு ஏடு, உள்ளே வெளுத்த ரப்பர் மரம். "ரப்பர் மரத்துல மாவுச்சத்து இருக்கும், பூச்சிக்கு அது சோறு. மருந்து ஏத்திப் பக்குவம் பண்ணிருந்தா நல்லாவே உழைக்கும். இது பண்ணலை" என்றார். ரப்பர் மரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. தேக்கு விலைக்கு விற்றார்களே, அதுதான். பில்லைத் தேடி எடுத்தேன், இந்தத் தடவை பில் இருந்தது. அதில் எழுதியிருந்தது 'மரக்கட்டில் 1'. என்ன மரம் என்று இல்லை. கடைக்காரர் "மரம்தானே ஆச்சி குடுத்தோம்" என்றார். ஊசியில் மருந்து ஏற்ற 3,500 ஆனது.

மரச்சாமான் வாங்கப் போனால் ஆசாரிக்கு அரைநாள் கூலி கொடுத்துக் கூட்டிப்போங்கள். அது முடியாவிட்டால் நீங்களே குனிந்து அடியைப் பாருங்கள். இழுப்பறையை முழுசாக உருவிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பலகையின் மேல்பக்கத்து ரேகை விளிம்பைத் தாண்டிப் பக்கவாட்டில் தொடர்கிறதா, வெட்டு முனையில் வளையங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஒட்டின ஏடாக இருந்தால் ரேகை விளிம்போடு நின்றுவிடும். கருப்பாக வார்னிஷ் அப்பி எதையும் பார்க்க முடியாமல் வைத்திருந்தால், பார்க்க முடியாமல் இருப்பதற்காகவே அப்பியிருக்கிறார்கள்.

சின்ன நஷ்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2,400 ரூபாய்க்குக் கைத்தறிக் கண்டாங்கிச் சேலை என்று எடுத்தது விசைத்தறி. 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு கட்டம் போட்டதெல்லாம் காரைக்குடிக் கண்டாங்கி என்று விலை பேசுகிறார்கள். கைத்தறியில் கரை ஓரத்தில் நெடுகச் சின்னச் சின்ன ஊசித்துளை இருக்கும், துணியை விரித்துப் பிடிக்கும் கோலின் தடம் அது. எனக்குத் தெரிந்த நெசவுக்காரம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஈயச்சொம்பு விஷயம் மட்டும் பணத்தோடு போகாது, உடம்பையும் பிடிக்கும், அதனால் கொஞ்சம் நிதானித்துப் படியுங்கள். ரசம் வைக்கும் சொம்பு வெள்ளீயத்தில் இருக்க வேண்டும். காரீயம் விஷம். வெள்ளீயம் காரீயத்தைவிடப் பல மடங்கு விலை, அதனால் கலப்படம் நடக்கிறது. நான் 850 ரூபாய்க்கு 'மலிவாக' வாங்கினேன். பாத்திரத்துக்கு வெள்ளீயம் பூசும் பெரியவர் அதை வெள்ளைக் காகிதத்தில் அழுத்தி ஓர் இழுப்பு இழுத்தார், பென்சில் மாதிரி கறுப்புக் கோடு விழுந்தது. "இதுல ரசம் வைக்காதே தாயி" என்றார். அவரிடமிருந்த வெள்ளீயச் சொம்பு ஒன்றை அதேபோல இழுத்ததில் தடமே சரியாகத் தெரியவில்லை. இது ஒரு முதல் எச்சரிக்கைதான், முடிவான சோதனை இல்லை. சந்தேகம் இருந்தால் சமையலுக்கு எடுக்காதீர்கள், அவ்வளவுதான். அந்தச் சொம்பை நான் யாருக்கும் கொடுக்காமல் ஆணி அடித்து ஓட்டை போட்டுவைத்திருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் பழசெல்லாம் தங்கம் என்று கிளம்பிவிடாதீர்கள். பழைய சாமான் பைத்தியம் எனக்கும் ஆறு மாசம் பிடித்தது. முனீஸ்வரன் கோவில் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். அங்கேயும் நேற்றுச் செய்து, புளியும் அமிலமும் போட்டுக் கறுக்கவைத்த 'பழைய' பித்தளை உண்டு. மங்குச் சட்டியில் பூச்சு தெறித்திருந்தால் சமையலுக்கு ஆகாது, அழகுக்கு வைக்கலாம். பழைய சிவப்பு, மஞ்சள் பூச்சுகளில் காரீயமும், காட்மியம் என்ற இன்னொரு விஷ உலோகமும் இருக்க வாய்ப்புண்டு என்று சிக்ரி அண்ணன் எச்சரித்தார். பித்தளையில் ஈயப் பூச்சுப் போனபின் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும். என் மாமியார் காலத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை ஈயம் பூசுகிறவர் வாசலுக்கே வருவார். அந்தப் பெரியவருக்கு இப்போது எழுபதுக்கு மேல், பிள்ளைகள் யாரும் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. பூசுகிற ஆள் இல்லாத ஊரில் பித்தளைப் பானையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இதனால் இப்போதெல்லாம் எந்தப் பொருள் வாங்கினாலும் என் முதல் கேள்வி, இது கெட்டுப்போனால் நடந்துபோகும் தூரத்தில் யார் சரிசெய்வார் என்பதுதான். அந்த ஆளிடம் முதலில் பேசிவிட்டுப் பிறகுதான் கடை ஏறுகிறேன். போன மாசம் கிரைண்டர் வாங்கியதும் அப்படித்தான். கல் கொத்துகிறவரிடமும் காயில் கட்டும் தம்பியிடமும் கேட்டுவிட்டு, அவர்கள் இருவரும் சொன்ன ஒரே கோயம்புத்தூர் மாடலை வாங்கினேன். விளம்பரத்தில் அதை நான் பார்த்ததே இல்லை. தூக்கிவைக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு கடையில் எங்கள் அண்டா மாதிரியே ஒன்று இருந்தது. ஓரத்தில் எழுத்து வெட்டியிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து படித்தேன். எங்கள் வீட்டு எழுத்து இல்லை, வேறு யாரோ. விலை கேட்டேன், 16,000 சொன்னார். நான் 74 கிலோ பித்தளையை விற்று வாங்கிய பணத்தைவிட அந்த ஒன்றுக்கு அதிகம். அண்டாவை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த பித்தளைத் தூக்குவாளி ஒன்றை மட்டும் 1,800-க்கு வாங்கினேன். உள்ளே தடவிப் பார்த்துத்தான். அதிலும் யாருடையதோ மூன்று எழுத்து இருக்கிறது. பெரியவரிடம் ஈயம் பூசி மகளுக்குக் கொடுத்தனுப்பினேன். "யாரு பேரும்மா இது?" என்று கேட்டாள். தெரியலை ஆத்தா, யாரோ என்னை மாதிரி எடைக்குப் போட்டவங்க என்றேன்.

கட்டிலில் தூள் விழுவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. இரண்டாம் தடவை மருந்து ஏற்ற ஆசாரி வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார்.